சம்பளம் கடல் தாண்டி வரும்... பென்ஷன் வருமா?

“அண்ணாச்சி, விசா வந்துருச்சு. பி.எஃப்-ல கிடக்குற துட்டை மொத்தமா எடுத்துறலாமா?”

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஆடிட்டர் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கும் பழகிப்போன கேள்வி இது. கேட்பவர் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டியவராக இருக்கலாம். பட்டாசு ஆலை போர்மேனாகவோ, ராஜபாளையம் ஸ்பின்னிங் மில் ஃபிட்டராகவோ இருக்கலாம். ஏஜென்டுக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். கந்துவட்டிக்கு வாங்குவதைவிடத் தன் பணத்தைத் தானே எடுப்பது மேல் என்று நினைக்கிறார். நியாயமான நினைப்புதான். ஆனால், அவர் ‘பி.எஃப்’ என்று ஒரே பெயரில் சொல்வதற்குள் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்றை எடுத்தால் பணம் போகும். இன்னொன்றை எடுத்தால் வயதான காலத்து உரிமையே போகும்.

பிழைப்புக்காக ஊர் தாண்டுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தீப்பெட்டித் தொழிலைக் கற்க அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போனது 1922-ல். இன்றைய தலைமுறை துபாய்க்கும் ரியாத்துக்கும் போகிறது. ‘டெஸ்ட் அடித்து’ (திறன் தேர்வில் தேறி) சிங்கப்பூருக்கும், பெர்மிட்டில் மலேசியாவுக்கும் போகிறது. உள்ளூரில் வேலை நிரந்தரம் என்றும் சொல்ல முடியவில்லை. பேரியம் உப்புகளுக்குத் தடைவிதித்து உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ல் தீர்ப்பளித்த பிறகு, பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை யாரும் மறந்துவிடவில்லை.

அப்படிக் கிளம்புகிறவர்களும், போய் இருப்பவர்களும், திரும்பி வந்தவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக விடை பார்ப்போம்.

பி.எஃப் பணத்தை எடுக்கலாமா?

மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளியிடம் 12 சதவிகிதம், அதாவது 1,800 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளியும் அதே 1,800 ரூபாய் கட்டுகிறார். ஆனால், முதலாளி கட்டுவதில் 1,250 ரூபாய் பி.எஃப்-க்குப் போவதில்லை, 1995-ல் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடுகிறது. மீதி 550 ரூபாய்தான் பி.எஃப்-ல் சேர்கிறது.

வெளிநாட்டு வேலைக்காக இந்தியாவை விட்டுக் கிளம்புகிறவர் பி.எஃப் பணத்தை முழுதாக எடுத்துக்கொள்ள விதி இருக்கிறது. அதற்குப் படிவம் 19. ஐந்து ஆண்டு தொடர் சர்வீஸ் முடிந்திருந்தால் வரி கிடையாது. அதற்குள் எடுத்தால், தொகை 50,000 ரூபாயைத் தொடும்போது 10 சதவிகிதம் டி.டி.எஸ் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் இன்னும் கூடும்.

சிக்கல் அடுத்த படிவத்தில். பென்ஷன் கணக்குக்கான படிவம் 10-சி-யில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பணமாக வாங்கிக்கொண்டு கணக்கை முடிப்பது. மற்றது, ‘ஸ்கீம் சர்டிஃபிகேட்’ என்ற சான்றிதழை வாங்கி, இதுவரை செய்த சர்வீஸை அப்படியே காப்பாற்றி வைப்பது. அவசரத்தில் இருப்பவர்கள் முதல் வழியைத்தான் டிக் அடிக்கிறார்கள்.

இதனால் என்ன நஷ்டம்? சிவகாசி அச்சகத்தில் 6 ஆண்டு வேலை பார்த்த ஒருவர், துபாயில் 12 ஆண்டு இருந்துவிட்டு வந்து, உள்ளூர் மில்லில் 5 ஆண்டு வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சான்றிதழ் வாங்கி வைத்திருந்தால் அவருடைய சர்வீஸ் 6-ம் 5-ம் சேர்ந்து 11 ஆண்டு. பென்ஷனுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு வேண்டும் என்பதால் அவருக்குத் தகுதி வந்துவிடுகிறது. சராசரிச் சம்பளம் 15,000 ரூபாயாக இருந்தால், அதை 11-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்துப் பாருங்கள். 58 வயதிலிருந்து மாதம் 2,357 ரூபாய். அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கும் பென்ஷன் உண்டு. அன்றைக்கே பணமாக எடுத்திருந்தால், கணக்கில் நிற்பது கடைசி 5 ஆண்டு மட்டும். பென்ஷன் பூஜ்யம்.

இரண்டாயிரத்துச் சொச்சம் பெரிய தொகையா என்று கேட்கலாம். 60 வயதுக்கு மேல் பிள்ளைகளிடம் மாத்திரைச் செலவுக்குக் கை நீட்டாமல் இருக்க அது போதும். பத்து ஆண்டு நிறையும் முன்பே பணத்தை எடுத்து பென்ஷனை இழப்பவர்கள் நாடு முழுக்க அதிகம். அதைத் தடுக்கத்தான், பென்ஷன் பணத்தை எடுப்பதற்கான காத்திருப்பை 2 மாதத்திலிருந்து 36 மாதமாக நீட்டுவது என்று, பி.எஃப்-ஐ நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ-வின் மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் முடிவெடுத்தது.

ஓ.டி.பி வரவில்லையே, என்ன செய்ய?

கேட்க அற்பமாக இருக்கும். ஆனால், வெளிநாட்டில் இருப்பவர்களின் பி.எஃப் முடங்கிக்கிடக்க இதுதான் பெரிய காரணம். பி.எஃப் கணக்குக்கான யு.ஏ.என் எண்ணும் ஆதாரும் ஒரு மொபைல் எண்ணோடு கோக்கப்பட்டிருக்கின்றன. வளைகுடா போனதும் ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விடுகிறார்கள். சில மாதங்களில் எண் செத்து, வேறொருவருக்குப் போய்விடுகிறது. பிறகு ஓ.டி.பி எங்கே வரும்?

இரண்டாவது தொல்லை, இன்ஷியல். பி.எஃப் பதிவில் பெயருக்கு முன் இன்ஷியல். ஆதாரில் பெயருக்குப் பின் இன்ஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராக நிற்கும். மூன்றும் மூன்று ஆட்களைப்போலத் தெரிய, கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது. பீஸ் ரேட்டில் வேலை பார்த்து, பல ஆலைகள் மாறியவர்களுக்கு இரண்டு, மூன்று யு.ஏ.என் எண்களும் இருக்கும். விமானம் ஏறும் முன் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் இணைத்து, பெயரைத் திருத்தி, வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஆன்லைனில் நாமினியைப் பதிந்துவிட வேண்டும். ஊரில் இருக்கும்போது ஓரிரு நாள் அலைச்சலில் முடியும் வேலை இது. ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு செய்தால் வருஷங்கள் இழுக்கும்.

அங்கே வேலை பார்த்த வருஷங்கள் இங்கே பென்ஷனில் சேருமா?

சேரும். போன நாடு எது என்பதைப் பொறுத்து.

இந்தியா சில நாடுகளுடன் ‘சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம்’ செய்திருக்கிறது. முதலாவதாக நடைமுறைக்கு வந்தது பெல்ஜியத்துடனான ஒப்பந்தம், 2009-ல். பிறகு ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே, தென்கொரியா, ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா என்று பட்டியல் நீண்டது. இந்திய கம்பெனி தன் ஊழியரை இந்த நாடுகளுக்கு அனுப்பினால், இ.பி.எஃப்.ஓ-விடம் ‘கவரேஜ் சர்டிஃபிகேட்’ வாங்கிக்கொண்டு, அங்கே சந்தா கட்டுவதிலிருந்து பெரும்பாலும் 5 ஆண்டு வரை விலக்குப் பெறலாம். பல ஒப்பந்தங்களில், இரண்டு நாட்டுச் சர்வீஸையும் கூட்டித் தகுதி பார்ப்பார்கள். பென்ஷனையும் ஊருக்கே அனுப்பிவைப்பார்கள்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அமீரகம் இல்லை. சவுதி இல்லை. குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் இல்லை. சிங்கப்பூர், மலேசியா இல்லை. சிவகாசிக்காரரும் சாத்தூர்க்காரரும் எங்கே போகிறார்களோ அந்த நாடுகள் மட்டும் இல்லை! அமெரிக்காவுடனும் ஒப்பந்தம் கிடையாது. பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தோடு பேசி முடித்த ஏற்பாடுகூட, தற்காலிகமாக அனுப்பப்படும் ஊழியர்கள் 3 ஆண்டு வரை இரட்டைச் சந்தா கட்டாமல் தப்பிக்கத்தான் உதவும். பென்ஷன் சர்வீஸைக் கூட்டித்தராது.

ஐரோப்பாவுக்குப் போகும் சாஃப்ட்வேர் இன்ஜினீயருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அபுதாபிக்குப் போகும் வெல்டருக்குக் கிடையாது என்பதுதான் நிலவரம்.

அப்படியானால் அங்கே என்ன கிடைக்கும்?

*அமீரகம்:* வெளிநாட்டவருக்குப் பென்ஷன் இல்லை. வேலை முடியும்போது ‘சர்வீஸ் பணம்’ உண்டு. முதல் 5 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல், ஆண்டுக்கு 30 நாள். உச்சவரம்பு, இரண்டு ஆண்டுச் சம்பளம். அடிப்படைச் சம்பளம் 1,200 திர்ஹாம் வாங்குபவர் 12 ஆண்டு வேலை பார்த்தால், 105 நாளும் 210 நாளும் சேர்த்து 315 நாள் சம்பளம். ஒரு நாளுக்கு 40 திர்ஹாம் வீதம் 12,600 திர்ஹாம். ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும். ‘மொத்தச் சம்பளம் 2,500’ என்று ஏஜென்ட் சொல்வதை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். அலவன்ஸுக்கு சர்வீஸ் பணம் கிடையாது.

*சவுதி:* முதல் 5 ஆண்டுக்கு, ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். பிறகு, ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். நீங்களாக ராஜினாமா செய்தால் கணக்கு மாறும். இரண்டு ஆண்டுக்குள் என்றால் ஒன்றுமில்லை. 5 ஆண்டு வரை மூன்றில் ஒரு பங்கு. 10 ஆண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. அதன் பிறகே முழுத்தொகை. ஒன்பதரை ஆண்டில் கோபித்துக்கொண்டு எக்ஸிட் அடிப்பவர் எவ்வளவு இழக்கிறார் என்று யோசியுங்கள்.

*சிங்கப்பூர்:* சி.பி.எஃப் சேமிப்பு, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். ஒர்க் பர்மிட், எஸ் பாஸில் இருப்பவர்களுக்கு இல்லை. வேலையை விட்டுக் கிளம்பும்போது, முதலாளி ஒரு மாதத்துக்கு முன்பே வரித்துறைக்குத் தெரிவித்து, கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைத்து, வரி பாக்கி இல்லை என்று தெரிந்த பிறகே தருவார். அது சட்டப்படியான நடைமுறை. முதலாளி ஏமாற்றுகிறார் என்று பதறத் தேவையில்லை.

*மலேசியா:* 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து, வீட்டு வேலை செய்பவர்கள் நீங்கலாக வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அந்நாட்டு பி.எஃப் கட்டாயமாகிவிட்டது. தொழிலாளி 2 சதவிகிதம், முதலாளி 2 சதவிகிதம். சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். ஊர் திரும்பும் முன் கேட்டு வாங்க வேண்டிய பணம் அது.

துபாய்ச் சம்பளத்துக்கு இங்கே வரி உண்டா?

வருமானம் எங்கே வந்தது என்பதோடு, நீங்கள் அந்த ஆண்டு எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள் என்பதும் இதை முடிவுசெய்யும். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர், வரிச் சட்டப்படி இந்தியவாசி. உலகில் எங்கே சம்பாதித்தாலும் அவர் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால், வேலைக்காக வெளிநாடு போனவர் என்.ஆர்.ஐ, இந்தியாவில் வந்த வருமானத்துக்கு மட்டும் வரி. 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருந்தாலும், இந்த நாள் கணக்கின் அடிப்படை மாறவில்லை.

நம் ஊரில் கவனிக்க வேண்டியது கிளம்பும் மாதம். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 28 வரை எண்ணினால் 181 நாள். அதற்குள் விமானம் ஏறியவர் அந்த ஆண்டே என்.ஆர்.ஐ. ‘தீபாவளி சீசனை முடிச்சு, போனஸை வாங்கிட்டுப் போவோம்’ என்று அக்டோபர், நவம்பரில் கிளம்புபவர் அந்த ஆண்டு முழுக்க இந்தியவாசி. மார்ச் வரை அவர் வாங்கும் துபாய்ச் சம்பளமும் இங்கே கணக்கில் வரும். புதிய வரிமுறையில், இந்தியவாசிக்கு 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரிச் சலுகை இருப்பதால், பலருக்குக் கட்ட வேண்டிய வரி ஒன்றும் இருக்காது. ஆனால், வருமானத்தை மறைக்காமல் ரிட்டர்னில் காட்ட வேண்டும்.

இதில் வேடிக்கை, அந்த 12 லட்சம் சலுகை என்.ஆர்.ஐ-க்குக் கிடையாது. அவருக்கு 4 லட்சம் ரூபாய்க்கு மேல் இந்திய வருமானம் இருந்தாலே வரி தொடங்கிவிடும். ஊரில் கடை வாடகை, டெபாசிட் வட்டி என்று வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் ஆலையோ அச்சகமோ வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வசிக்கும் குடும்பங்களுக்குத் தனி விதி. இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால், ஊருக்கு வந்துபோகும் நாள் 120 ஆனாலே (முந்தைய 4 ஆண்டுகளில் 365 நாளும் இருந்திருந்தால்) இந்தியவாசிக் கணக்கு வந்துவிடும். எந்த நாட்டிலும் வரி கட்டாதவரையும் இந்தியவாசியாகவே பாவிக்கும் விதி 2020 பட்ஜெட்டில் வந்தபோது வளைகுடாத் தமிழர்கள் கலங்கிப்போனார்கள். அங்கே நேர்மையாக வேலை செய்பவர்களின் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை என்று வரித்துறை உடனே விளக்கம் கொடுத்தது.

மகன் அனுப்பும் பணத்துக்கு அப்பா வரி கட்ட வேண்டுமா?

வேண்டாம். பெற்றோர், மனைவி, உடன்பிறந்தவர் ஆகியோருக்கு அனுப்பும் பணம் எவ்வளவானாலும் வாங்குபவருக்கு வரி இல்லை. அதை அப்பா டெபாசிட் போட்டால், வரும் வட்டி அப்பாவின் வருமானம்.

மனைவி விஷயத்தில் கணக்கு வேறு. கணவர் அனுப்பிய பணத்தை மனைவி பெயரில் டெபாசிட் போட்டால், வட்டி கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். வீட்டுச் செலவுக்கு அனுப்புவதில் இந்தப் பிரச்னை இல்லை. சேமிக்கத்தான் போகிறீர்கள் என்றால், உங்கள் பெயரிலேயே என்.ஆர்.இ கணக்கில் போடுங்கள். வெளிநாட்டில் வசிக்கும் வரை அந்த வட்டிக்கு வரியே கிடையாது. என்.ஆர்.ஓ கணக்கு வட்டிக்கு 30 சதவிகிதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்துவிடுவார்கள். ஊரில் இருந்தபோது தொடங்கிய சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பது விதிமீறல், அதை என்.ஆர்.ஓ-வாக மாற்றியாக வேண்டும். பழைய பி.பி.எஃப் கணக்கை முதிர்வு வரை தொடரலாம். புதிதாகத் தொடங்க முடியாது.

உண்டியலில் (ஹவாலாவில்) அனுப்பினால் ரேட் நாலு காசு கூடக் கிடைக்கலாம். ஆனால், அதற்கு ரசீது இல்லை. நாளைக்கு வீடு கட்டும்போதோ நிலம் வாங்கும்போதோ ‘பணம் ஏது?’ என்று வரித்துறை கேட்டால், பத்து ஆண்டு வெயிலில் சம்பாதித்ததும் கணக்கில் வராத பணமாகிவிடும்.

ஊருக்கே திரும்பிவிட்டால்?

நீண்ட காலம் வெளியே இருந்து திரும்புபவருக்குச் சட்டம் இடைக்காலச் சலுகை ஒன்று தருகிறது. முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு என்.ஆர்.ஐ-யாக இருந்திருந்தாலோ, முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் இருந்தது 729 நாளுக்கு மிகாமல் இருந்தாலோ, அவர் ‘சாதாரணமாக வசிக்காத இந்தியவாசி’. பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு இந்தத் தகுதி நீடிக்கும். அதுவரை, வெளிநாட்டு வங்கி வட்டி போன்றவற்றுக்கு இங்கே வரி இல்லை. அந்தக் காலம் முடிந்ததும், அங்கே விட்டுவந்த கணக்கு, பங்கு, சொத்து எல்லாவற்றையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். மறைத்தால் 2015-ம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் அபராதம் 10 லட்சம் ரூபாய். அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் மட்டும், 2024 அக்டோபர் முதல் இந்த அபராதத்திலிருந்து விலக்கு. என்.ஆர்.இ கணக்கையும் வந்தவுடன் மாற்றிவிட வேண்டும். வரி விலக்கு அதோடு முடிகிறது.

இனி ஆக வேண்டியது

வெளிநாட்டுத் தொழிலாளிக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் 275 அல்லது 375 ரூபாய் பிரீமியத்தில் 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் சேர்ந்தே ஆக வேண்டும். பென்ஷனுக்குத்தான் வழியில்லை. அவர்களுக்கென்று மத்திய அரசு 2012-ல் கொண்டுவந்த மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா, சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. கேரளம் 2008-ல் சட்டம் இயற்றி, மாதச் சந்தா கட்டும் வெளிநாட்டு மலையாளிகளுக்கு 60 வயதுக்குப் பின் பென்ஷன் தருகிறது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. சந்தா கட்டிச் சேரும் பென்ஷன் திட்டம் ஒன்றை அந்த வாரியத்தின் வழியே கொண்டுவர அரசு முன்வர வேண்டும். வளைகுடா நாடுகளுடனும் சிங்கப்பூர், மலேசியாவுடனும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்யுமாறு டெல்லியை வற்புறுத்துவது, நம் ஊர்த் தொகுதிகளில் ஓட்டுக் கேட்டு வருபவர்களின் வேலை.

அதுவரை அவரவர் செய்துகொள்ள வேண்டியவை இவை: கிளம்பும் முன் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்குங்கள். ஊர் சிம்மை உயிரோடு வைத்திருங்கள். வங்கி வழியாகவே பணம் அனுப்புங்கள். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்கள் மூன்றின் நகலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். என்.ஆர்.ஐ-களும் சேரக்கூடிய தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் மாதம் ஒரு சிறு தொகை கட்டுங்கள். ஏஜென்டுக்குக் கொடுக்கப் பணம் தேவையா? பி.எஃப்-ஐ எடுங்கள். பென்ஷனில் மட்டும் கைவைக்காதீர்கள்.